எட்டுக் குடைகளும் ஏரிக்காற்றும்

அந்தக் குடை கிளம்பியபோது என் கையில் இரண்டு தட்டு வாழைக்காய் பஜ்ஜி இருந்தது.

கிளம்பியது என்றுதான் சொல்ல வேண்டும். அது சாயவில்லை, விழவும் இல்லை. பருத்திப்பட்டு ஏரிப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. குடைத்துணி 'டப்' என்று ஒருமுறை உப்பியது. அடுத்த நொடி, என்னைவிட உயரமான அந்தக் குடை, அடியில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் பீடத்தோடு சேர்ந்து தரையை விட்டு எழுந்துவிட்டது.

இரண்டு மேசைகளைத் தாண்டிப் போய் மூன்றாவது மேசையில் இறங்கியது. கம்பின் முனை ஒரு நாற்காலியின் முதுகில் குத்தியது. நாற்காலி இரண்டாகப் பிளந்தது. தேங்காய்ச் சட்னி பாத்திரம் உருண்டு என் செருப்பில் வந்து முட்டியது.

சற்று முன்புவரை அந்த நாற்காலியில் நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்து உலர்த்துவதைப் பார்க்க, அப்போதுதான் இறங்கி ஓடியிருந்தது.

யாரும் கத்தவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. குழந்தையின் அம்மா எழுந்து, பிளந்த நாற்காலியைப் பார்த்தாள். வேலியோரம் நின்ற குழந்தையைப் பார்த்தாள். போய்த் தூக்கிக்கொண்டாள். அப்பாக்காரர் பைக் சாவியை எடுத்துக்கொண்டார். மூவரும் போய்விட்டார்கள். பஜ்ஜி என் கையிலேயே இருந்தது.

எங்கள் கடைச் சமையல்கட்டில் இருந்த விஜி அடுப்பை அணைத்தாள். மீதி ஏழு குடைகளையும் ஒவ்வொன்றாக மடக்கினாள். பிறகு என்னிடம், "போதும் அண்ணி. இத்தோட முடிச்சிக்கலாம்" என்றாள்.

இந்த வாராந்தரப் பத்தியில் இதுவரை பள்ளிக்கூடத்துக் கதைகளையே வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன். வேலையை விட்ட பிறகு என்ன செய்தீர்கள் என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். குடைகளோடு சண்டை போட்டேன், அம்மா. இந்த வாரம் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

இரண்டு பேர், எட்டுக் குடை

விஜி என் நாத்தனார். என் கணவருக்கு ஒரே தங்கை. எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம், "நேரம் கெடைக்கல" என்று ஒரே பதிலைச் சொல்லி வாயை அடைத்தவள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் இருபது வருடத்துக்கும் மேலாகச் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளை விரித்துப் பார்த்து, தையல் கோணலாக இருந்தால் ஒதுக்கிப் போட வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம்வரை அதுதான். ஒருநாள் அந்த நிறுவனம் வேறு ஊருக்குப் போய்விட்டது. விஜி போகவில்லை.

நான் பி.டி. டீச்சர். முட்டி தேய்ந்துபோய், ஓட முடியாத பி.டி. டீச்சராக இருக்க வேண்டாம் என்று முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டேன். இரண்டு மாதம் வீட்டிலிருந்தேன். மூன்றாவது மாதம் எங்கள் வீட்டுச் சுவரையே வரிசையில் நிற்கச் சொல்லிவிடுவேன் போலிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஏரிக்கரை மனை கண்ணில் பட்டது. எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. ஒரு மூலையில் தகரக் கூரை போட்ட சின்ன சமையல்கட்டு, மீதி இடமெல்லாம் சிமெண்டுக் கல் பாவிய வெறும் தரை. எதிரே ஏரி. சாயங்காலமானால் நடக்க வருபவர்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலிருந்து கூட்டமாக வரும் பெண்கள், ஐ.டி. வேலை முடிந்து கழுத்தில் அட்டையோடே வரும் பிள்ளைகள். இத்தனை பேர் நடக்கிறார்கள், உட்கார்ந்து ஒரு டீ குடிக்க இடமில்லை.

"போடலாம் அண்ணி," என்றாள் விஜி. "எனக்குச் சமைக்கத் தெரியும். உங்களுக்கு ஆளுங்கள அதட்டத் தெரியும்."

பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் மூடிவிட்ட ஒரு உணவகத்தில் எட்டுப் பெரிய குடைகள் கிடைத்தன. சந்தன நிறத் துணி, மரக்கம்பு. விரித்து வைத்த அன்று எங்கள் மனை ஏதோ கடற்கரை விடுதி மாதிரி ஆகிவிட்டது. சாலையில் போனவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். நான் எதிர்ச்சாரியில் நின்று அதையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குடைகளுக்கு அடியில் வைக்கப் பிளாஸ்டிக் பீடங்களும் வாங்கினோம். உள்ளே தண்ணீர் நிரப்பி மூடியைத் திருகிவிட வேண்டும். தண்ணீரின் கனத்தில் குடை நிற்கும். நின்றது. சித்திரை முழுக்க நின்றது, வைகாசி முழுக்க நின்றது. வெயிலில் பிளாஸ்டிக் வெடித்து, தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, சுடும் தரையில் ஈரம்கூடத் தெரியாமல் காய்ந்துகொண்டிருந்ததை நாங்கள் இருவரும் பார்க்கவில்லை.

அன்று பறந்த குடையின் பீடத்தை ஒரு கையால் தூக்கினேன். காலிக் குடம் மாதிரி வந்தது.

சுகன்யா கேட்ட கேள்வி

மறுநாள் காலை அந்தக் குழந்தையின் வீட்டைத் தேடிப் போனேன். அடிக்கடி வருபவர்கள்தான். எந்த அடுக்ககம் என்று தெரியும். அம்மாவின் பெயர் சுகன்யா, குழந்தை யாழினி. தென்காசிப் பக்கத்துக்காரர்கள். வேலைக்காக வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன். திட்டினால் எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். யாழினி தரையில் படுத்து, கறுப்பு வண்ணத்தில் ஏதோ பறவை வரைந்துகொண்டிருந்தது.

"மன்னிச்சிடும்மா" என்றேன். "எங்க தப்புதான். பீடத்த நாங்க சோதிச்சுப் பார்த்திருக்கணும்."

"எங்க பிள்ள அந்த நேரம் எந்திச்சிப் போயிட்டா ஆன்ட்டி. அதனால இன்னைக்கி நாம பேசிட்டிருக்கோம்," என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. "நீங்க மறுபடி கட தொறப்பீங்கள்லா? அப்ப அந்தச் சேர்ல வேற யார் பிள்ளையாவது உக்காந்திருக்கும். அதுக்கு என்ன செய்யப் போறீங்க?"

தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். மாடிப்படியில் இறங்கும்போது முட்டி வலித்தது. ஆனால் கடைசிப் படிக்கு வந்தபோது ஒன்று முடிவாகிவிட்டது. அவள் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் செய்து காட்டாமல் விடுவதில்லை.

விஜியிடம் சொன்னேன். "நீங்க செய்ங்க அண்ணி. என்ன விட்டுடுங்க. கண்ண மூடினா அந்தச் சேர்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். சாப்பிடக்கூடக் கீழே வரவில்லை. தட்டை நான்தான் கொண்டுபோய் வைத்தேன்.

பறந்த ஷாமியானா

காற்றுக்கும் எனக்கும் பழைய பகை உண்டு.

வேலையில் சேர்ந்த புதிதில், பள்ளி விளையாட்டு விழாவுக்கு மைதானத்தில் ஷாமியானா போட்டோம். சிறப்பு விருந்தினர் பேச எழுந்தார். காற்றும் எழுந்தது. பந்தல் அப்படியே முன்னால் சரிந்து, மேடையிலிருந்த அத்தனை பேரையும் போர்வை மாதிரி மூடியது. உள்ளேயிருந்து மைக்கில் 'ஆகவே மாணவச் செல்வங்களே' என்று குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பு அடங்கக் கால் மணி நேரமானது.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் முளையடிப்பதை நானே பக்கத்தில் நின்று பார்ப்பேன். காற்று வரும் திசைக்கு எதிராகச் சாய்த்து, பாதிக்கு மேல் மண்ணுக்குள் இறங்கும்வரை அடிக்கச் சொல்வேன். எங்கள் பந்தல் அப்புறம் விழுந்ததே இல்லை.

ஆனால் ஏரிக்கரை மனையில் முளையடிக்க முடியாது. தரையில் ஒரு கல்லைக்கூடப் பெயர்க்கக் கூடாது என்று மனைக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஆக, குடை தரைக்கு மேலேயேதான் நின்றாக வேண்டும். கனத்தை மட்டும் நம்ப வேண்டும்.

மணல் மூட்டையில் ஆரம்பித்தேன். சிமெண்டுச் சாக்கில் எம்-சாண்ட் நிரப்பி, குடைக்கு நான்கு மூட்டை வீதம் அடுக்கினேன். பார்க்க வெள்ள நிவாரண முகாம் மாதிரி இருந்தது. நடந்தால் கால் தடுக்கியது. இரண்டாம் நாள் ஒரு நாய் வந்து ஒரு மூட்டையைப் பிறாண்டிக் கிழித்துவிட்டது. மணல் எல்லாப் பக்கமும் ஓடியது.

என் கணவர் படைத்துறைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். நாளெல்லாம் இரும்போடு புழங்குகிறவர். அவர் மனையின் வாசலிலேயே நின்று மூட்டைகளைப் பார்த்தார். "மல்லிகா, யார் மேல போர் தொடுக்கப் போற?" என்றார். நான் ஓடிய மணலைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தேன்.

வானகரத்தில் இறங்கினேன்

அந்த வாரம் ஒரு வேலையாக வானகரம் பக்கம் ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். மதுரவாயல் புறவழிச்சாலையை ஒட்டிய இடத்தில் நெரிசல். ஆட்டோ நின்றது. பக்கத்தில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. ஒவ்வொரு லாரி போகும்போதும் ஆட்டோ ஆடியது. என் முந்தானை முகத்தில் அடித்தது. ஓரமாக இருந்த பழக்கடையின் நீலத் தார்ப்பாய் படபடவென்று துடித்தது.

ஒன்று மட்டும் ஆடவில்லை.

சாலையோரம் 'மெதுவாகச் செல்லவும்' என்று எழுதிய ஒரு இரும்புப் பலகை. ஆள் உயரக் கம்பி. லாரிக்காற்று முழுவதும் நேராக அதன் மேல்தான் அடித்தது. அது அசையவே இல்லை. கீழே பார்த்தேன். ஒரு பழைய டயர். டயருக்குள் கான்கிரீட். கான்கிரீட்டின் நடுவில் கம்பி.

"நிறுத்துப்பா! எறங்கணும்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்திலிருந்த அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

இறங்கி ஓடினேன். ஆமாம், இந்த முட்டியோடுதான் ஓடினேன். பலகையைப் பிடித்துத் தள்ளினேன். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அசையவில்லை! எனக்குச் சிரிப்பு வந்தது. நடு ரோட்டில் நின்று ஒரு பலகையைக் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"யக்கா, இன்னா பண்ற? அத்தத் தள்ளி உட்டுறாத. அத ஊத்துனதே நான்தான்."

பின்னால் டயர்க்கடை. கிரீஸ் படிந்த லுங்கியில் ஒருவர் நின்றிருந்தார். என் வயதிருக்கும். பெயர் டில்லி. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். குடை, காற்று, குழந்தை, நாற்காலி. அவர் காதுக்குப் பின்னால் இருந்த பென்சிலை எடுத்தார்.

"கொட எம்மாம் பெர்சு?"

கையை விரித்துக் காட்டினேன்.

"அப்ப கார் டயரு பத்தாது. லாரி டயரு போட்டா உன்னால நவுத்த முடியாது, அங்கியேதான் கெடக்கும். வேன் டயரு போடு, சரியா இருக்கும். ரெண்டு ஆளு கனம் வரும்." தரையில் குந்தி உட்கார்ந்து சிமெண்டில் படம் வரைந்தார். "இத பாரு. கனம் மட்டும் இருந்தா போதாது. அகலமா இர்க்கணும், தாழ இர்க்கணும். ஒசரமா வெயிட்ட வச்சின்னா அதுவே கவுத்துடும்."

"கம்ப எப்படி நிறுத்தறது?"

"நடுவுல ஒரு இரும்பு பைப்பு. கொடக்கம்பு அதுக்குள்ள எறங்கணும். பைப்புக்கு அடியில ரெண்டு கம்பிய குறுக்கால வச்சி வெல்டு அடிச்சித் தர்றேன். அப்பதான் கான்கிரீட்ட புடிச்சிக்கும். இல்லாங்காட்டி காத்து பைப்ப மட்டும் உருவிக்கினு பூடும். மேல ஒரு ஓட்ட போட்டு போல்ட்டு வச்சிடு. கொட பைப்புக்குள்ள லொட லொடன்னு ஆடுச்சின்னா அதுவே ஒடச்சிடும்."

எட்டு டயர், எட்டு பைப்பு சொல்லிவிட்டு வந்தேன். போன வேலை என்ன என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

"சாயுது அண்ணி"

டயர்கள் ஒரு குட்டியானைச் சரக்கு வண்டியில் வந்து எங்கள் வீட்டு வாசலில் இறங்கின. தெருவே எட்டிப் பார்த்தது. நான் ஜல்லி, எம்-சாண்ட், சிமெண்டு எல்லாவற்றையும் கொட்டி வைத்துக்கொண்டேன். புடவையைத் தூக்கிச் செருகினேன். டயருக்கு அடியில் தடித்த பாலித்தீன் விரித்து, நடுவில் பைப்பை நிறுத்தி, கலவையை அள்ளிப் போட ஆரம்பித்தேன்.

பைப்பு நிற்கவில்லை. ஒரு பக்கம் கலவை விழுந்தால் மறுபக்கம் சாய்ந்தது. நிமிர்த்தினால் இந்தப் பக்கம் சாய்ந்தது. ஒருவழியாக நேராக நிறுத்திவிட்டேன் என்று நினைத்து இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தேன்.

"சாயுது அண்ணி."

மேலேயிருந்து குரல். மாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி விஜி பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"நேராத்தானே இருக்கு?"

"இல்ல. அந்தப் பக்கம் சாயுது. வேப்பமரத்துப் பக்கம்."

பக்கத்து வீட்டில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. மேஸ்திரியிடம் ரசமட்டம் வாங்கி வந்து வைத்துப் பார்த்தேன். உள்ளே இருந்த குமிழி ஒரு நூலளவு விலகி, சாய்வைக் காட்டியது. வேப்பமரத்துப் பக்கம்.

"கொஞ்சம் தள்ளுங்க. இன்னும் கொஞ்சம். போதும்... ஐயோ, இப்ப கேட்டுப் பக்கம் போயிடுச்சு!" அவளால் தாங்க முடியவில்லை. படியிறங்கி வரும் சத்தம் கேட்டது. இருபது வருடம் கோணல் தையலைப் பொறுக்காத கண். கோணல் பைப்பை எப்படிப் பொறுக்கும்?

வந்தவள் என்னை ஒரு பக்கம் தள்ளினாள். மூன்று செங்கல்லைப் பைப்பைச் சுற்றி முட்டுக்கொடுத்தாள். பிறகு சுற்றிலும் சமமாகக் கலவையைப் போடச் சொன்னாள், ஒரு பக்கம் ஒரு கரண்டி, எதிர்ப் பக்கம் ஒரு கரண்டி. நான் போட்டேன். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். இருட்டுவதற்குள் எட்டையும் முடித்துவிட்டோம். மேஸ்திரி ரசமட்டத்தைத் திருப்பி வாங்க வந்தவர், எட்டையும் சோதித்துப் பார்த்துவிட்டு, "யாரும்மா நிறுத்துனது?" என்று கேட்டார். விஜி தலையைக் குனிந்து கையிலிருந்த சிமெண்டைச் சுரண்டினாள்.

கான்கிரீட் இறுகுவதற்காகப் பத்து நாள் சாக்கு போர்த்தித் தண்ணீர் ஊற்றினோம். அன்றிலிருந்து அவள் கீழேயே வந்து சாப்பிட்டாள்.

எப்போது வரும் காற்று

இறுகிய டயர்களை மனைக்குக் கொண்டுபோவது எப்படி என்று யோசித்து மண்டை காய்ந்தேன். விடை ரொம்பச் சுலபம். டயர்தானே! நிமிர்த்தி உருட்டினோம். இரண்டு பேர் மூச்சைப் பிடித்து நிமிர்த்தினால் அதன் பிறகு தானாகவே உருண்டது. நாலு வீட்டுத் தூரம், எட்டு நடை. ஐந்தாவது டயர் எங்கள் கையிலிருந்து நழுவி, தெருவின் சரிவில் தன்பாட்டுக்குப் போய், ஒரு தென்னை மரத்தில் இடித்து நின்றது. மரம் நடுங்கி ஒரு மட்டை விழுந்தது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இந்தக் கனத்தைத் தூக்கட்டும் பார்க்கலாம், காற்று!

உடனே கடை திறக்கவில்லை. ஒரு குடையை மட்டும் மாட்டி, போல்ட்டை முடுக்கி, விரித்து வைத்தோம். மேசை நாற்காலி எதுவுமில்லை. ஆளில்லாத மனையில் ஒரே ஒரு குடை. ஒரு நல்ல காற்று அதில் மோதட்டும், பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

காற்று வரவில்லை.

முதல் நாள் ஒரு இலை அசையவில்லை. இரண்டாம் நாள் ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. மூன்றாம் நாள் புழுக்கத்தில் வியர்த்து வழிந்துகொண்டு, சமையல்கட்டுப் படியில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். ஊரில் எல்லோரும் மழைக்குக் காத்திருக்கையில் நாங்கள் சூறைக்காற்றுக்குக் காத்திருந்தோம்.

நான்காம் நாள் சாயங்காலம் மேற்கே வானம் கறுத்தது. ஏரியின் அக்கரையில் தண்ணீர் திடீரென்று இருண்டது. அந்த இருட்டு ஒரு கோடாக எங்களை நோக்கி ஓடி வந்தது.

"வருது!" என்று எழுந்துவிட்டேன். "விஜி, வருது!"

புழுதி முதலில் வந்தது. பிறகு இலைகள், ஒரு பிளாஸ்டிக் பை, யாரோ வீட்டுக் கொடியிலிருந்த துண்டு. பிறகு காற்று முழு பலத்தோடு வந்து குடையில் மோதியது. துணி உப்பியது. கம்பு முனகியது. நான் தரையைப் பார்த்தேன். டயரைச் சுற்றி சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தேன். டயர் வட்டத்துக்குள்ளேயே இருந்தது.

"நிக்குது! நிக்குது!" என்று குதித்தேன். விஜி கண்ணில் புழுதியோடு, "விட்டுடாத! பிடி! பிடி!" என்று டயரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். கபடிப் போட்டியில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. வேலை முடிந்து வண்டியில் வந்த என் கணவர், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மேலே 'படார்' என்று ஒரு சத்தம். குடைக்கம்பிகளில் இரண்டு முறிந்தன. துணி மேல்நோக்கிப் புரட்டிக்கொண்டு கிழிந்து தொங்கியது.

என் முகம் வாடிவிட்டது. விஜியைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவளோ சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த நாற்காலி உடைந்த நாளுக்குப் பிறகு முதல் தடவை.

"மேலதான் போச்சு அண்ணி! அடி அசையவே இல்ல! மேல இருக்கறது துணி. துணிய நான் பாத்துக்கறேன்!"

உச்சியில் ஓட்டை

அன்றைக்கே மாடியில் தையல் மெஷின் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், நல்லபடியாக இருந்த ஒரு குடைத்துணியின் உச்சியைக் கத்தரியால் வட்டமாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற! குடையில யாராவது ஓட்ட போடுவாங்களா?"

"காத்து உள்ள வந்தா வெளிய போக வழி வேணும்ல? வழி இல்லாமத்தான் தூக்குது, கிழிக்குது." வெட்டிய ஓட்டையின் மேல், அதைவிடப் பெரிய வட்டத் துணி ஒன்றைத் தொப்பி மாதிரி வைத்து, அங்கங்கே மட்டும் பிடித்துத் தைத்தாள். மழை மேலேயே வழிந்துவிடும். காற்று இடைவெளி வழியாகப் போய்விடும். ஏழு குடைகளுக்கும் ஏழு தொப்பி. கிழிந்துபோன எட்டாவதற்குத் தொப்பியோடு புதுத் துணி. முறிந்த கம்பிகளை மட்டும் என் கணவர் சரிசெய்து கொடுத்தார். போர் பற்றி ஒன்றும் பேசவில்லை.

இன்னொன்றையும் அவள்தான் சொன்னாள். "எவ்ளோ கனம் வச்சாலும் பெரிய காத்துல விரிச்சி வைக்கக் கூடாது அண்ணி. கனம் எதுக்குன்னா, நாம மடக்குற வரைக்கும் அது நிக்கணும். அதுக்குத்தான்."

அதனால் பழகினோம். விரித்த குடையைத் தாங்க கம்பில் செருகியிருக்கும் இரும்பு ஊசியை உருவி, துணியை இறக்கி, நாடாவால் கட்ட வேண்டும். ஆளுக்கு நான்கு குடை. அக்கரையில் தண்ணீர் இருண்டதிலிருந்து காற்று இக்கரைக்கு வருவதற்குள் எட்டும் மடங்கியாக வேண்டும். விசில் கொடுத்துப் பழக்கினேன். முதலில் ஐந்து குடை மடக்குவதற்குள்ளேயே காற்று வந்துவிட்டது. ஒரு வாரத்தில் எட்டும் முடித்து மூச்சு வாங்கிக்கொள்ளவும் நேரம் மிஞ்சியது.

திறந்த ஞாயிறு

சுகன்யாவை நேரில் போய்க் கூப்பிட்டேன். "உங்க கேள்விக்குப் பதில் செஞ்சி வச்சிருக்கோம். வந்து பாருங்க. பிடிக்கலன்னா உக்கார வேணாம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூவரும் வந்தார்கள். கணவரையும் குழந்தையையும் வாசலிலேயே நிறுத்திவிட்டு, அவள் மட்டும் உள்ளே வந்தாள். மஞ்சள் பெயிண்ட் அடித்த டயரைக் காலால் உதைத்துப் பார்த்தாள். கம்பை இரண்டு கையாலும் பிடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் கொடுத்து உலுக்கினாள். முன்னால் தள்ளினாள், பின்னால் இழுத்தாள். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் டீயை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். விஜி கரண்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

சுகன்யா கையை உதறிக்கொண்டாள். வாசலைப் பார்த்து, "வாங்க" என்றாள். அந்த மேசைக்கே வந்து உட்கார்ந்தார்கள்.

அவர்களுக்கு இட்லி வைத்துவிட்டு நிமிர்ந்தால், அக்கரை இருண்டிருந்தது.

நான் விசில் ஊதினேன். "எல்லாரும் தட்ட எடுத்துக்கிட்டு கூரைக்குள்ள போங்க! ஓடாதீங்க, நடங்க!" முப்பது பேர் இருப்பார்கள். பி.டி. பீரியடு போல அத்தனை பேரும் எழுந்து நடந்தார்கள். நான் இந்தப் பக்கம், விஜி அந்தப் பக்கம். ஒன்று, இரண்டு. எனக்கு மூன்றாவதில் நாடா சிக்கிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. புழுதி வாசலுக்கு வந்துவிட்டது. நான்காவது குடை இன்னும் விரிந்தேயிருந்தது.

காற்று அதில் மோதியது. குடை நின்றது. உச்சியிலிருந்த தொப்பி படபடவென்று துடித்தது. காற்று அந்த வழியாகச் சீறிக்கொண்டு போனது. டயர் அசையவில்லை. அது எனக்காக நின்றது, நான் வரும்வரை.

நான் போவதற்குள் ஒரு கை ஊசியை உருவியது. சுகன்யா. குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடி வந்திருந்தாள். அவள் இறக்க, நான் நாடாவைக் கட்டினேன். கட்டி முடிக்கவும் மழை விழுந்தது.

தகரக் கூரைக்கு அடியில் முப்பது பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோம். மழைச் சத்தத்தில் யார் பேசுவதும் கேட்கவில்லை. விஜி பஜ்ஜி போட்டுக்கொண்டே இருந்தாள். தட்டுகள் தலைக்கு மேல் கைமாறிப் போயின. ஒருவருக்காவது அவர் கேட்ட பஜ்ஜி போனதா என்பது சந்தேகம். யாரும் கேட்கவில்லை.

மறுநாள்

சாலைக்கு எதிர்ச்சாரியில் ஒரு ஜூஸ் கடை இருக்கிறது. அதன் பெரிய சிவப்புக் குடை அந்தக் காற்றில் பறந்து பின்தெருவில் போய் விழுந்திருந்தது. காலையில் நாங்கள் கடை திறந்ததும் அந்தக் கடைக்காரர் வந்து நின்றார். எங்கள் எட்டுக் குடைகளையும் பார்த்தார். மஞ்சள் டயர்களைப் பார்த்தார்.

"டீச்சர், இத எங்க வாங்கினீங்க?"

"வாங்கல. செஞ்சது. அவங்களக் கேளுங்க" என்று விஜியைக் காட்டினேன்.

அவர் சமையல்கட்டு வாசலுக்குப் போனார். "யக்கா, எனக்கு ஒண்ணு செஞ்சி குடுப்பியா?"

முடியாது என்பாள், அல்லது அண்ணியைக் கேட்டுச் சொல்கிறேன் என்பாள் என்று நினைத்தேன். விஜி கரண்டியைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"உங்க தரை சமமா இருக்கா?" என்று கேட்டாள்.

"தெரியலியே யக்கா."

"நடங்க, பாக்கலாம்."

இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு, அவருக்கு முன்னால் விடுவிடுவென்று சாலையைக் கடந்தாள். அங்கே போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இடுப்பை வளைத்துத் தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

கல்லில் அவள் ஊற்றிவிட்டுப் போன தோசை தீய ஆரம்பித்தது. நான்தான் ஓடிப்போய்த் திருப்பிப் போட்டேன்.